பின்வாசலில் போகாதவர்கள்

கதவுக்கு அடியில் பூந்தொட்டியைக் கண்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். சாதாரணக் கதவு என்றால் தொலையட்டும். நான் சொல்வது தீத்தடுப்புக் கதவு. தீப்பிடித்தால் புகை ஒரு பக்கமே நிற்க வேண்டும் என்பதற்காகத் தானாக மூடிக்கொள்ளும்படி செய்த கதவு. அதைத் திறந்தே வைக்க ஒருவர் பூந்தொட்டி வைப்பார், இன்னொருவர் அரிசி மூட்டை வைப்பார். ஒரு கோயில் மண்டபத்தில் கல் பிள்ளையாரையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். "பிள்ளையார் பார்த்துக்குவாரு லா" என்றார் தலைவர். "தீப்பிடிச்சா பிள்ளையாரை யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டேன். அந்த வேலை அதோடு எனக்கு இல்லாமல் போயிற்று.

என் தொழில் அப்படி. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எப்படிப் போகும், மனிதர்கள் எப்படிப் போவார்கள், இரண்டும் ஒரே வழியில் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே என் ஆபீஸ். அண்ணா ஜெயந்திரனுக்கு இந்தத் தொழிலில் மரியாதையே கிடையாது. பென்ஷன் இல்லாத வேலையை எங்கள் வீட்டில் யாரும் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்த நாட்டு ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பாவும் ரயில்வே. அண்ணா அதே ரயில்வேயில் சிக்னல் பிரிவு.

"நடக்காத ஒன்னுக்குப் பிளான் போட்டு சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான் நிலானி" என்பார். அப்பா போன பிறகு என்னை அந்தப் படிப்பு படிக்க வைத்ததும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை.

அண்ணா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் கை நடுங்க ஆரம்பித்தது, பிறகு கால். பார்க்கின்சன் என்றார்கள். சக்கர நாற்காலி வந்தபோது அவரை என்னோடு வைத்துக்கொள்வதுதான் முறை. ஆனால் நான் இருப்பது உயரமான கொண்டோ அடுக்குமாடியில், உச்சிக்குப் பக்கத்தில். தீப்பிடித்தால் லிப்ட் நிற்கும். நின்றால் அண்ணாவை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? ஊருக்கெல்லாம் இதைச் சொல்லி வயிறு வளர்ப்பவள் நான். அதனால் கிள்ளானில், மேரு சாலைப் பக்கம், ஒரே தளத்தில் இருந்த முதியோர் இல்லம் ஒன்றில் அவரைச் சேர்த்தேன்.

"தீப்பிடிச்சுடுமோன்னு அண்ணனை ஹோம்ல விட்ட தங்கச்சி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுட்டது.

அந்த இல்லத்தை நடத்துபவள் ரமணி. முன்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அது ஒரு பழைய பங்களா. பின்பக்கம் நீளமாக ஒரு நடைபாதையும் அதன் இரு பக்கமும் அறைகளும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு மகாராஜன் முன்னால் கார் நிறுத்தும் இடத்தை மூடிச் சமையலறை ஆக்கியிருந்தான். முன்வாசல், கூடம், சமையலறை மூன்றும் ஒரே இடத்தில். அடுப்பில் தீப்பிடித்தால் முதலில் முன்வாசல்தான் புகையில் மூழ்கும். உள்ளே இருப்பவர்களோ பாதிப் பேர் நடக்க முடியாதவர்கள், சிலர் படுக்கையை விட்டே எழாதவர்கள். அண்ணாவைக் கொண்டுபோய் விட்ட அன்றே இதைப் பார்த்துவிட்டேன்.

ரமணியிடம் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன். சமையலறைக்குத் தீத்தடுப்புக் கதவு. நடைபாதையின் கடைசியில் இருந்த குறுகலான பின்வாசலை இடித்து, கட்டிலே உருண்டு போகும் அளவுக்கு அகலம். படிக்குப் பதில் சாய்தளம். வெளியே எல்லாரும் கூடி நிற்க சிமெண்டு முற்றம், ஓரத்தில் ஒரு மாமரம். தீயணைப்புத் துறை, எங்கள் ஊர்ப் பேச்சில் பொம்பா, வந்து பார்த்து நல்ல வேலை என்று தலையசைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஒத்திகை வைத்தோம்.

காலைப் பசியாறல் முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்த நேரம் பார்த்து மணியை அடிக்கச் சொன்னேன். சமையலறையில் தீ, முன்வாசல் கிடையாது, பின்வாசலுக்குப் போகவேண்டும் என்று முந்தைய நாளே விளக்கியிருந்தேன். மணி அலறியது. நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து, நான் தீப்பிடித்ததாக வைத்திருந்த சமையலறையைத் தாண்டி, முன்வாசலுக்குப் போனார்கள். பணிப்பெண்கள் சக்கர நாற்காலிகளைப் பின்பக்கம் திருப்பினால், உட்கார்ந்திருந்தவர்கள் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். நல்லம்மாள் என்ற பாட்டி, காப்பார் பக்க ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், கையில் இருந்த நடைச் சட்டத்தைத் தூக்கி ஒரு பணிப்பெண்ணை அடிக்கவே போய்விட்டார்.

அண்ணாவை நானே தள்ளினேன். நடைபாதை பாதிகூடத் தாண்டவில்லை. நாற்காலி நின்றது. பார்த்தால், நடுங்கும் கையால் பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கிறார்.

"என்ன அண்ணா நீங்களுமா?"

"கை தானா போச்சு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் ரமணியை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். ஆட்களுக்குச் சொல்லித் தரவில்லை, பயிற்சி இல்லை, அது இல்லை, இது இல்லை. பதில் சொன்னது நல்லம்மாள்தான், முன்வாசல் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டே.

"இஞ்சினியரம்மா, அந்த வாசல் வழியா போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்திருக்காங்களா? கேட்டுப் பாரு அவளை."

கேட்டேன். ரமணி என்னை அலுவல் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இங்க யாராச்சும் இறந்தா வேனைப் பின்னால வரச் சொல்வேன் அக்கா. முன்னால கொண்டு போனா எல்லாரும் பார்ப்பாங்க. பார்த்தா பயந்துடுவாங்க, ஒரு வாரம் சோறு இறங்காது. அதனால எல்லாரையும் கூடத்துல உட்கார வச்சு, டிவி சவுண்டைக் கொஞ்சம் கூட வச்சுட்டு, பின்னால அனுப்பிடுவேன். ஆரம்பத்துல இருந்து அப்படித்தான்."

"அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரியாதுன்னுதான் நினைச்சேன்."

தெரியாமல் என்ன? பட்டப்பகலில் காரணமில்லாமல் டிவி சத்தம் கூடினால் கூடத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லையாம். மெதுவாகத் தலையைத் திருப்பி எந்த நாற்காலி காலி என்று மட்டும் பார்த்துக்கொள்வார்களாம். இதை அண்ணா பிற்பாடு சொன்னார். ரமணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்பு என் கதவைப் பிணக் கதவாக ஆக்கி வைத்திருந்தது. நான் செய்ததெல்லாம் அதை அகலப்படுத்திப் பச்சை விளக்குப் போட்டதுதான்.

ஆபத்தில் மனிதர்கள் வந்த வழியாகவே திரும்பி ஓடுவார்கள் என்று என் படிப்பில் உண்டு. புதிய வழி நாலடியில் இருந்தாலும், பழகிய வழிக்குப் புகைக்குள்ளேயே போவார்கள். அதற்கு மருந்து, புதிய வழியைப் பழக்குவது. சரி, பழக்குவோம் என்று கிளம்பினேன். மாமரத்தடியில் பெஞ்சு போட்டேன். மாலைத் தேநீரை அங்கே வைக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப் போயிற்றே தவிர ஒருத்தரும் வரவில்லை. பார்க்க வரும் பிள்ளைகளைப் பின்பக்கமாக வரச் சொல்லிப் பலகை மாட்டினேன். ஒரு குடும்பம் அந்தப் பக்கம் நுழைந்ததும், உள்ளே அவர்களுடைய அம்மா அலறிவிட்டார். பலகையை ரமணியே கழற்றிவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது ஃபெடரல் ஹைவே நெரிசலில் அதே நினைப்புதான். இந்த வீட்டில் தீப்பிடித்தால் இவர்கள் எல்லாரும் முன்வாசலில் சாவார்கள். அண்ணாவும். நான் வரைந்து கொடுத்த கதவு பின்னால் சும்மா திறந்து கிடக்கும்.

அண்ணாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து எடுத்துப் போவேன். அது மட்டும்தான் இறங்கும். ஒரு ஞாயிறு, மூன்றாவது கரண்டியோடு போதும் என்று கையைக் காட்டினார்.

"ரமணிகிட்ட சொல்லிட்டேன். நான் போறப்ப முன்வாசல் வழியாதான் கொண்டு போகணும். எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரத்துல. டிவி ஆஃப்."

"இப்ப என்ன பேச்சு அண்ணா அது?"

"வேற எப்ப பேசுறது? போனப்புறமாவா?" இருமல் வந்தது. அடங்கக் காத்திருந்தார். "நீ பெஞ்சு போட்ட, பலகை மாட்டுன. ஒன்னும் சரி வராது. சிங்கிள் லைன்ல எதிரும் புதிருமா வண்டி விடக்கூடாது நிலானி. சிக்னல்ல முதல் பாடம் அதுதான். பொணத்துக்கு ஒரு லைன், உயிருக்கு ஒரு லைன். முதல்ல பொணத்தை அந்த லைன்ல இருந்து எடு."

"ரமணி ஒத்துக்கிட்டாளா?"

"அழுதா. நீ அழாத, சொதி உப்பாயிடும்."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. சாகப்போகும் மனிதர் தன் சாவை எனக்கு உதவியாகத் தூக்கிக் கொடுக்கிறாரே என்ற கோபம். பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் குழாயடியில் வெகுநேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு காலையில் ரமணி போனில் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் முகம் கழுவி, வேட்டி கட்டி, விபூதி பூசி வைத்திருந்தாள். கை நடுக்கம் நின்றிருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் கையைச் சும்மா இருக்கப் பார்த்தேன்.

வேன் வந்தது, வழக்கம்போலப் பின்வாசலுக்கு. டிரைவர் பழகிய ஆள், நேரே சாய்தளத்தின் அடியில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். நான் போட்ட சாய்தளம். கதவைத் திறந்தால் அண்ணாவின் அறையிலிருந்து பத்தடி. கூடத்தில் ரமணி டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தீயும் வேண்டாம், புகையும் வேண்டாம் என்றிருந்தது. அண்ணாவை நாலு பேர் வேடிக்கை பார்க்க விடாமல், சத்தமில்லாமல் பத்தடியில் கொண்டு போய்விடலாமே என்றிருந்தது. ரமணி இத்தனை வருடமும் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

"அக்கா?" என்றாள்.

"வேனை முன்னால கொண்டு வரச் சொல்லு" என்றேன்.

அவள் டிவியை அணைத்தாள். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணாவைத் தள்ளுவண்டியில், முகத்தை மூடாமல், நடைபாதை வழியாகக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அலறவில்லை. எழ முடிந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு அம்மா தேவாரம் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் மறந்து, தொடங்கிய வரியையே திரும்பத் திரும்பப் பாடினார்.

நல்லம்மாளுக்கும் அண்ணாவுக்கும் தினமும் டிவிக்குச் சண்டை. அவருக்குச் சீரியல், இவருக்குச் செய்தி. நல்லம்மாள் நடைச் சட்டத்தை ஊன்றி வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"போயிட்டு வா..." என்று வாய் வழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். செத்தவர்களை நாம் போய் வரச் சொல்வதில்லை. பிறகு, "போப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதேன். முன்வாசல் வழியாக என் அண்ணா போனார்.

அன்று மதியம் யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை என்று ரமணி போனில் சொன்னாள். அதுவே அவளுக்கு நம்ப முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தோனிப்பிள்ளை என்ற பெரியவர் இறந்தபோது, நல்லம்மாளே ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாராம். வேன் நேராக முன்வாசலுக்கு வந்ததாம். பின்வாசலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் இல்லத்திலேயே எல்லாருக்கும் சாப்பாடு போடுவதென்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் அன்று செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க வேண்டும். அண்ணாவுக்கு வடை என்றால் உயிர். அவருக்குப் படைக்கவும், எல்லாருக்கும் பரிமாறவும் வடை சுடவேண்டும். இல்லத்துச் சமையல்காரர் ரெங்கசாமி பெரிய சட்டியில் எண்ணெய் காய வைத்தார். அன்று சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓயாத நடை. கையில் தட்டோடு கதவைத் தள்ளுவது இடைஞ்சல் என்று, அரிசி மூட்டையை இழுத்துத் தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். நான் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டை என் கண்ணில் படவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் மூடி போட்டு அணைத்திருக்கலாம். பதறிப்போன மனிதர் ஒரு வாளித் தண்ணீரை அதில் கொட்டினார். தீ கூரை வரை எழும்பியது. ரெங்கசாமி புருவம் கருகி வெளியே ஓடிவந்தார். அவர் பின்னாலேயே கரும்புகை, திறந்து கிடந்த கதவு வழியாகக் கூடத்துக்குள். மணி அலறியது.

நான் மூட்டையைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அதற்குள் முன்வாசல் தெரியவில்லை. "பின்னால!" என்று கத்தினேன். "பின்னால போங்க!"

ஒருவரும் அசையவில்லை. அத்தனை முகங்களும் புகை வந்த பக்கம், முன்வாசல் பக்கம்தான் திரும்பியிருந்தன. கையில் வாழையிலைக் கட்டோடு நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நடைச் சட்டம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த வயதில் திரும்புவதே ஒரு பெரிய காரியம். சட்டத்தைத் தூக்கி வைத்து, காலை நகர்த்தி, மறுபடி தூக்கி வைத்து, நடைபாதைப் பக்கம் முகம் வைத்தார்.

"வாங்க. அங்க இப்ப ஒன்னும் இல்ல. அதெல்லாம் முன்னால போயிடுச்சு" என்றார், சந்தைக்குக் கூப்பிடுவது போல.

அவர் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். பணிப்பெண்கள் நாற்காலிகளைத் திருப்பியபோது யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை. படுக்கையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு உருட்டினோம். புகை எங்கள் தலைக்கு மேலே நடைபாதைக் கூரையைத் தடவிக்கொண்டு வந்தது. கடைசிக் கட்டிலை நானும் ரமணியும் தள்ளிக்கொண்டு அந்த அகலமான வாசலைத் தாண்டியபோது வெயிலில் கண் கூசியது. மாமரத்தடி பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சில் ஆள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

பொம்பா வண்டிச் சத்தம் மேரு சாலையில் கேட்டது. அவர்கள் வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுதான். ரமணி ஆளெடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம், கட்டில் வரிசைப்படி கூப்பிடுவாள். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேன்", "இங்க", "ஆமாம்மா" என்று பதில் வந்தது. ஒரு கை உயர்ந்தது, ஒரு இருமல் வந்தது.

"ஜெயந்திரன் அண்ணே" என்றாள், வந்த வேகத்தில்.

பதில் இல்லை. அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மாமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு முன்வாசல் வழியா போயிட்டாரும்மா" என்றார் நல்லம்மாள். "நாங்க எல்லாரும் இங்க இருக்கோம். நீ மேல கூப்பிடு."

ரமணி அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.